ஓரமா பாருங்க, அத்தான்

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். நம்பு. பக்கத்து வீட்டு டிரைவரைக் கெஞ்சி எழுதி வாங்கவில்லை, இது என் கை. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். அவளுக்கு முட்டி வலி, எனக்கு முதுகு வலி, இரண்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கின்றன. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. உன் அக்கா எட்டிப் பார்த்து, "என்ன, சொத்தா எழுதி வைக்கிறீங்க, இவ்ளோ நேரம்?" என்று கேட்கிறாள். அவள் கேட்டதையும் எழுதிவிட்டேன். வாயால் பேசினது காகிதத்தில் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது, பார்த்தாயா!

கொத்து வேலையை விட்ட பிறகு ஒருநாள் மழைக்கு நூலகத்தில் ஒதுங்கினேன். பின் அறையில் என்னைப் போன்ற கிழங்களுக்கு மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. டீச்சர், "ஏன் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க, பெஞ்சு காலியாத்தான் இருக்கு" என்றார். உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. எத்தனையோ வீட்டுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறேன். அந்த வீடுகளின் வாசலில் என்ன எழுதி மாட்டினார்கள் என்று இப்போதுதான் நடந்துபோய்ப் படிக்கிறேன். ஒருவர் தன் வீட்டுக்கு 'உழைப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார். அங்கே உழைத்தது நான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நிலாவைப் பற்றி ஒரு பாடம். நிலாவில் மலை இருக்கிறது, பள்ளம் இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். மச்சான், யாரும் சொல்லாமல் நானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் சங்கதி இது. இத்தனை வருஷம் படித்தவர்கள் என்ன சொன்னாலும் நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. இப்போது நானே படித்துவிட்டேன், ஆகவே நானே சரிபார்க்கவும் வேண்டும். சாரத்தின் மேல் நின்று எத்தனையோ தடவை நிலாவைப் பார்த்திருக்கிறேன். வழவழவென்று பூசி முடித்த சுவர் மாதிரிதான் இருந்தது. பள்ளம் எங்கே?

கடைத்தெருவில் பொம்மைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு டெலஸ்கோப் இருக்கிறது. டப்பாவில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அறுநூறு மடங்கு பெரிதாக்குமாம். வீட்டின் பின்புறம் துணிக்கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் வைத்துப் பார்க்கலாம் என்று ஆசை. நீ மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். உங்கள் கடையில் டெலஸ்கோப்பும் விற்கிறார்கள். கொடுக்கிற காசுக்கு நியாயமான சாமான் எது என்று நீ பொறுக்கிச் சொல்.

போன் பண்ணாதே. பண்ணினால் உன் அக்கா பிடித்துக்கொள்வாள், கடைசியில் எனக்கு "சரி, வச்சிடட்டுமா" மட்டும்தான் மிஞ்சும். எனக்கு வரும் கடிதத்தை நானே கிழித்து நானே படிக்க வேண்டும்.

தன் கையாலேயே எழுதிய
உன் அத்தான்


மார்ச் 19

அன்பும் மரியாதையுமான அத்தானுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். கடை, மாடி அறை, மறுபடி கடை என்று பொழுது போகிறது. அக்காவின் முட்டியையும் உங்கள் முதுகையும் தனித்தனியாக விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை முதலாளியிடம் காட்டினேன். "உங்க அத்தானா? கையெழுத்து செங்கல் அடுக்கின மாதிரி இருக்கே" என்றார். பாராட்டுத்தான்.

அந்த டப்பாவை வாங்காதீர்கள். அறுநூறு மடங்கு என்பது கலவையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகிற வேலை. அளவு கூடும், சுவரில் நிற்காது. நிலா பெரிதாகத் தெரியும், ஆனால் கஞ்சி மாதிரி தெரியும். டெலஸ்கோப் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, அதன் வாய் எவ்வளவு அகலம் என்பது. வெளிச்சம் உள்ளே நுழைகிற வாசல் அது. இரண்டாவது, நிற்கும் கால் ஆடுகிறதா என்பது. ஒரு விரலால் தட்டிப் பாருங்கள். கால் ஆடினால் நிலா குதிக்கும்.

டப்பாவின் மேல் உள்ள படம் பிடித்திருந்தால் டப்பாவை மட்டும் கேட்டு வாங்கி, கத்தரித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு.

மச்சான்


ஏப்ரல் 2

என் அருமை மச்சானுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தைக் கடிதத்தில் படித்தேன். ஆமாம், படித்தேன்! உன் அக்காவை எதிரில் உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கியது. அவள், "மெதுவா, மெதுவா, பஸ் ஒண்ணும் போயிடலை" என்றாள்.

உன் நல்ல மனசு எனக்குப் புரிந்தது. புதிதாகப் படிக்கிற கிழவனுக்குக் கஷ்டம் இருக்கக் கூடாது என்று கொட்டைக் கொட்டை எழுத்தாக எழுதியிருக்கிறாய். டீச்சரிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைப்பான்?

பொம்மைக் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம், "இதோட வாய் எவ்வளவு அகலம்?" என்று கேட்டேன்.

"அறுநூறு மடங்கு, பெரியவரே" என்றார்.

"அதைக் கேக்கலை. வாய் அகலம் எவ்வளவு?"

"யாரோட வாய்?"

"உங்க வாய் நல்லாத் தெரியுது. அதோட வாயைக் கேட்டேன்."

காட்டினார். டீக் கிளாஸின் வாயைவிடச் சின்னது. ஒரு விரலால் காலைத் தட்டினேன். காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது, நடுக்கம் நிற்கும்வரை கடைக்காரரும் நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவரே, "உங்களுக்கு இது சரிப்படாது" என்றார். கைகுலுக்கிவிட்டு வந்தேன்.

அது இல்லையென்றால் எது? சீக்கிரம் எழுது. தினமும் வாசலில் தபால்காரரை மறிக்கிறேன். அவர் தெருவை மாற்றிப் போகிறார் என்று கேள்வி.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்
அத்தான்


மே 6

அன்புள்ள அத்தானுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. கடையில் எனக்கு வேலை மாறிவிட்டது. லென்ஸ் தேய்க்கும் அறையிலிருந்து முன்பக்கம் வந்திருக்கிறேன். வருகிறவர்களை உட்காரச் சொல்வது, தண்ணீர் கொடுப்பது, பேச்சுக் கொடுப்பது. வயதாகிறது, இதுவும் நல்லதுதான்.

டெலஸ்கோப்பில் இரண்டு வகை. ஒன்று, நீளக் குழாயின் முனையில் லென்ஸ் வைத்தது. மற்றொன்று, வாளி மாதிரிக் குழாயின் அடியில் குழிந்த கண்ணாடி வைத்தது. முகம் பார்க்கிற கண்ணாடிதான், ஆனால் நட்சத்திரத்துக்கு. ஒரே விலையில் இரண்டாவது வகைக்கு வாய் அகலமாகக் கிடைக்கும். அதிலும் மூன்று கால் வைத்தது வேண்டாம். மரப்பெட்டியில் உட்கார்ந்து பீரங்கி மாதிரித் திரும்புகிற வகையைக் கேளுங்கள். கொடுக்கிற காசு காலுக்குப் போகாமல் கண்ணாடிக்குப் போகும். ஆனால் அதை வைக்க உறுதியான மேடை வேண்டும். நிலா தலைகீழாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

ஒரு விஷயம். எக்காரணம் கொண்டும் அதைச் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. கண் போய்விடும். இதை அக்காவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள்.

கண் போனால் வராது, அத்தான்.

மச்சான்


மே 14

அன்பில் குறையாத மச்சானுக்கு,

சுகம், சுகம். இரண்டு தடவை சொன்னால் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கணக்கு. சூரியன் சமாச்சாரத்தை உன் அக்காவுக்கு இரண்டு தடவை படித்தேன். "எனக்கு எதுக்கு? ஏணியில ஏறி வெயில்ல நிக்கிற ஆள் நீங்கதான்" என்றாள்.

மேடை வேண்டும் என்று எழுதினாயே, கட்டிவிட்டேன்! துணிக்கொடியை ஒரு முழம் நகர்த்தி, பின்புறம் நல்ல செங்கல்லாக ஒரு தூண். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தேன், ஒரு மயிரிழைகூடச் சாயவில்லை. எத்தனையோ பேருக்குக் கட்டினேன், எனக்காகக் கட்டியது இதுதான். டிரைவர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "யாருக்குச் சிலை வைக்கப் போறீங்க?" என்றார். "நிலாவுக்கு" என்றேன். அவர் வீட்டுப் பின்பக்க விளக்கு என் தலையில் விழுகிறது, அன்றைக்கு மட்டும் அணைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "சொல்லுங்க, அணைச்சுடறேன்" என்றார்.

ஒரு சின்னக் குறை சொல்லட்டுமா? நான் இரண்டாம் புத்தகத்துக்கு வந்துவிட்டேன். இனி எனக்காக இவ்வளவு பெரிதாக எழுத வேண்டாம். போன தடவையைவிட இந்தத் தடவை இன்னும் பெரிது. பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் நிற்கிறது, காகிதம் வீண். அப்புறம் உன் வரி இடது பக்கம் ஏறி வலது பக்கம் இறங்குகிறது. மட்டப்பலகை வைத்தே பார்த்துவிட்டேன். நீ மட்டும் என்னிடம் வேலைக்கு வந்திருந்தால் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்!

எதை வாங்குவது என்று எழுதிப் பயனில்லை. நீயே ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு லீவு போட்டு வா. தூண்மேல் நீ வை, முதல் பார்வை நீ பார். அப்புறம் நான் சரிபார்க்கிறேன்.

வழிமேல் கண் வைத்திருக்கும்
அத்தான்


ஜூன் 20

மச்சானுக்கு,

நாங்கள் நலமாகத்தான் இருக்கிறோம். உன்னிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. உன் அக்கா போனில் கேட்டதற்கு, கடையில் கூட்டம் என்றாயாம். இருக்கலாம்.

நான் ஒன்று எழுதப் போகிறேன். இதை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

எங்கள் வகுப்பில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். எனக்குப் பக்கத்து இடம். நேற்று அவருடைய நோட்டு என் பக்கம் நகர்ந்து வந்தது. பார்த்தேன். கொட்டைக் கொட்டை எழுத்து. வரி இடது பக்கம் ஏறி வலது பக்கம் இறங்கியது. "யாருக்காகம்மா இவ்ளோ பெரிசா எழுதறீங்க?" என்று கேட்டேன். "யாருக்காக? எனக்காகத்தான். சின்னதா எழுதினா எங்கே எழுதறேன்னு எனக்கே தெரியலையே" என்றார். அவருக்குக் கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது, அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

நான் எப்பேர்ப்பட்ட மடையன்! எனக்காக எழுதினாய் என்று ஊர் முழுக்கக் காட்டிப் பெருமையடித்தேன். மட்டப்பலகை வேறு வைத்தேன். லென்ஸ் அறையிலிருந்து முன்பக்கம் வந்தேன் என்று நீ எழுதியதை ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்தும் படிக்கத் தெரியவில்லை எனக்கு.

உன் கண்ணுக்கு என்ன? ஒளிக்காமல் எழுது. எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுது.

அத்தான்


ஜூலை 3

அத்தானுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. கண்தான். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து அக்காவுக்குப் படிக்காதீர்கள்.

இரண்டு கண்ணிலும் நடுவில் பார்வை போகிறது. ஒன்று போன வருஷம் தொடங்கியது, மற்றது இந்த வருஷம். டாக்டர், "போன நடு திரும்பாது, ஓரம் நிக்கும்" என்றார். ஓரம் நன்றாகத்தான் இருக்கிறது. எதிரில் ஒருவர் நின்றால் காது தெரியும், சட்டைக் காலர் தெரியும், முகம் இருக்காது. நடப்பேன், சமைப்பேன், சில்லறை பார்ப்பேன். ஒருநாள் ஒரு பெண்ணின் கண்ணாடியில் வலது லென்ஸை இடது பக்கம் பொருத்திவிட்டேன். அன்றோடு தேய்க்கும் அறையை விட்டேன். முதலாளி நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை. முன்பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் கடிதங்களை முதலாளி படித்துச் சொல்கிறார். நீங்கள் சிரித்து எழுதிய இடத்தில் அவரும் சிரிக்கிறார்.

போன வாரம் மாடியில் நின்று நிலாவைப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் நிலாவே இல்லை, அத்தான். சுற்றி வானம் வெளுத்திருக்கிறது, நடுவில் ஒன்றும் கிடையாது. அந்த ஓட்டைக்குள் முழுசாக விழுந்துவிடுகிறது.

நிலாவே தெரியாதவன் உங்களுக்கு எந்த டெலஸ்கோப்பைப் பொறுக்குவது? வேறு யாரையாவது கேளுங்கள். அக்காவிடம் சொல்லாதீர்கள். அம்மா போனபிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள். தெரிந்தால் அடுத்த வண்டியில் வந்து என்னை மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவாள். வீட்டு மூலையில் உட்கார வைத்துச் சோறு போடுவாள். அது எனக்கு வேண்டாம்.

மச்சான்


ஜூலை 11

என் மச்சானுக்கு,

இங்கே சுகம்தான், என்னைத் தவிர.

உன் கடிதம் வந்தபோது உன் அக்கா வாசலிலேயே நின்றாள். படிக்காமல் தப்ப முடியவில்லை. "உடம்பு நன்றாக இருக்கிறது" என்பதைப் படித்தேன். "முதலாளி நல்லவர்" என்பதைப் படித்தேன். "நடப்பேன், சமைப்பேன்" என்பதைப் படித்தேன். மடித்துவிட்டேன். அவள், "இவ்ளோ பக்கத்துல இவ்ளோதானா?" என்று கேட்டாள். "கொட்டை எழுத்துல்ல, இடம் அடைக்குது" என்றேன். "உம்" என்றாள். அவளுடைய "உம்" எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

படிக்கத் தெரிந்தவனுக்குப் படிக்காமல் விடுகிற வசதியும் கூடவே கிடைக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை காலம் எனக்குப் படித்துச் சொன்னவர்கள் என்னவெல்லாம் விட்டார்களோ!

வேறு யாரையும் கேட்க மாட்டேன். நீ பொறுக்காத டெலஸ்கோப் என் தூண்மேல் ஏறாது. ஆனால் இனி கேள்வி வேறு. என் கண்ணுக்கு எது நல்லது என்று கேட்கவில்லை. என் கண் எதைக் கொடுத்தாலும் பார்க்கும். உன் கண்ணுக்கு எது பொருந்தும்? அதைக் கண்டுபிடி. உன் கடையிலேயே இருக்கிறது, ஒவ்வொன்றாக மாடியில் ஏற்றிப் பார். காசு கொடுத்து வாங்கப் போகிறவன் நான், எனவே வாடிக்கையாளருக்காகத்தான் பார்க்கிறாய், வெட்கப்படாதே.

மூலையில் உட்கார வைக்க இந்த வீட்டில் மூலை காலியாக இல்லை. எல்லா மூலையிலும் உன் அக்கா சாமான் வைத்திருக்கிறாள்.

பதில் எழுது.

அத்தான்


ஜூலை 29

டேய் வாலு,

அக்கா பேசறேன். எழுதறது உங்க அத்தான். நான் சொல்றதை ஒரு வார்த்தை மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். நல்லாயிருக்கியான்னு உன்னைக் கேக்கப் போறதில்லை. இல்லைன்னு தெரியும்.

எனக்கு எழுத்து தெரியாது. ஆனா காகிதத்தைப் பார்க்கத் தெரியும். இவர் படிச்சுக் காட்டும்போது காதை இவர்கிட்ட கொடுத்துட்டு நான் காகிதத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் எழுத்து பெரிசாச்சு. கடைசியா வந்ததுல ஒரு வரி இன்னொரு வரிமேல ஏறிக் கிடந்துச்சு. பள்ளிக்கூடத்துல நீ எறும்பு ஊர்ற மாதிரி எழுதுவே. 'இதைப் படிக்க எனக்குப் பூதக்கண்ணாடி வேணும்'னு வாத்தியார் உன்னைத் திட்டினது நேத்து மாதிரி இருக்கு. அந்தப் பயல் இப்படி எழுதினா என்ன அர்த்தம்? எனக்குத் தெரியாதுன்னு நீங்க ரெண்டு பேரும் நினைச்சுக்கிட்டிருந்தீங்க.

(இந்த இடத்தில் என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன். இது அத்தான்.)

அழுதேன். அது முடிஞ்சுது. இப்போ கேளு. உன்னை மூட்டை கட்டிக்கிட்டு வர்றதுக்கு எனக்கு முட்டி சரியில்லை. இங்கேயே இருடான்னு சொல்ல மாட்டேன். சொன்னா இவரைச் சாட்சிக்கு வச்சுக்கோ. உனக்கு உன் கடை இருக்கு, உன் மாடி இருக்கு. ஆனா இவர் கட்டின தூண்மேல தினமும் காக்கா வந்து உக்காருது. எனக்குப் பார்க்கச் சகிக்கலை. ஒரு டெலஸ்கோப்பைக் கொண்டுவந்து வச்சுட்டுப் போ.

என் முகம் தெரியாட்டி என்ன, என் குரல் தெரியும்ல? அது போதும் உன்னைத் திட்டறதுக்கு.

அக்கா

(ஒரு வார்த்தை மாற்றவில்லை. அழுதேன் என்று அவள் சொன்னபோது எழுத வேண்டாமா என்று கேட்டேன். "எழுதுங்க" என்றாள். அத்தான்.)


செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவரும் நலமாக இருப்பீர்கள். அக்கா திட்டுகிற வேகத்தைப் பார்த்தால் முட்டியைத் தவிர எல்லாம் நலம் என்று தெரிகிறது. இதை நான் சொல்ல முதலாளி எழுதுகிறார். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்றதும் இது எவ்வளவு சுலபமாகிவிட்டது!

அத்தான், நீங்கள் சொன்னபடி செய்தேன். கடை அடைத்த பிறகு முதலாளியும் நானும் ஒவ்வொரு மாலையும் ஒரு டெலஸ்கோப்பை மாடிக்கு ஏற்றினோம். வெறுங்கண்ணால் பார்த்தால் நிலா சின்னது, என் ஓட்டை பெரிது, அதனால் நிலா காணாமல் போகிறது. டெலஸ்கோப்பில் நிலா ஓட்டையைவிடப் பெரிதாகிவிடுகிறது. நடுவில் ஒரு துண்டு போனாலும் சுற்றிலும் மிச்சம் நிற்கிறது! பள்ளத்தை மட்டும் தேடவில்லை, அது உங்கள் தூண்மேல் வைத்துத்தான். முதலில் பார்த்த நீளக் குழாயில் நிலா பெரிதானதும் மங்கிப்போய்விட்டது, என் ஓரக்கண்ணுக்கு அந்த வெளிச்சம் போதவில்லை. கண்ணாடி வைத்த அகல வாய்க் குழாயில்தான் பெரிதாகவும் இருந்தது, வெளிச்சமாகவும் இருந்தது. வாயின் அகலம்தான் முக்கியம் என்று உங்களுக்கு எழுதியவன் நான்தான். அது எனக்கே வந்து உதவும் என்று நினைக்கவில்லை.

இன்னொன்று. முதலாளிக்கு நட்சத்திரம் பார்க்கிற நண்பர் ஒருவர் உண்டு. அவர் சொன்னார்: மங்கலான நட்சத்திரக் கூட்டங்களை நேராகப் பார்த்தால் நல்ல கண்ணுக்கும் தெரியாதாம், கொஞ்சம் தள்ளிப் பார்க்க வேண்டுமாம். இருட்டில் கண்ணின் ஓரம்தான் கெட்டிக்காரன். எல்லாரும் பாடுபட்டுப் பழகுகிற அந்த வித்தை எனக்கு வேறு வழியில்லாமல் வந்துவிட்டது.

ஒன்றைப் பொறுக்கிவிட்டேன். மரப்பெட்டி வகை. மூன்று நாள் வைத்திருந்து ஒருவர் திருப்பிக் கொடுத்தது, குழாயில் கீறல், அதனால் விலை இறங்கிக் கிடைக்கிறது. கண்ணாடியில் கீறல் இல்லை என்று முதலாளி விளக்குப் பிடித்துப் பார்த்துச் சொன்னார். அக்டோபர் கடைசியில் கொண்டுவருகிறேன். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொள்வேன்.

தூண் எவ்வளவு உயரம்? நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மச்சான்


நவம்பர் 9

என் கண்ணான மச்சானுக்கு,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்ததாகப் போனில் சொன்னாயாம். எனக்கு வழக்கம்போல் "சரி, வச்சிடட்டுமா" மட்டும் கிடைத்தது. அதனால் எழுதுகிறேன். நாங்கள் சுகம். உன் அக்கா தன் முட்டி இப்போது தேவலை என்கிறாள். நீ இருந்த நாளில் சமையலறைக்கும் பின்புறத்துக்கும் ஓடிய ஓட்டத்தில் அதுவே பயந்து சரியாகிவிட்டது.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு நடந்த மாதிரி இருக்கிறது.

உனக்காகத் தூணில் மேல் மூன்று வரிசையை இடித்தேன் அல்லவா? என் கையால் கட்டியதை என் கையால் இடித்தது அதுதான் முதல் தடவை. துளிகூட வருத்தமில்லை. முதல் நாள் மேகம். "வானத்துக்கும் கடை லீவா?" என்றாள் உன் அக்கா. மறுநாள் பிறை சீக்கிரம் இறங்கியதும் டிரைவர் சொன்ன சொல் மாறாமல் விளக்கை அணைத்தார். நீ குழாயை மெல்ல மெல்லத் திருப்பினாய். "இதுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். நட்சத்திரக் கூட்டம். பாருங்க" என்றாய். நான் பார்த்தேன். ஒன்றுமில்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். வெறும் இருட்டு. நீ பின்னாலிருந்து, "முறைக்காதீங்க. ஓரமா பாருங்க, அத்தான்" என்றாய். கண்ணை ஒரு பக்கமாகத் தள்ளினேன். இருட்டிலிருந்து ஒரு வெள்ளைத் திட்டு எழுந்து வந்தது. நேராகத் திரும்பினேன், ஓடிவிட்டது. மறுபடி ஓரமாகப் போனேன், வந்துவிட்டது. எவ்வளவு நேரம் அதோடு விளையாடினேன் என்று எனக்கே தெரியாது. நீதான், "அத்தான், எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்று தோளைத் தட்டினாய்.

அப்புறம் அரை நிலா வந்த மாலை. நிலாவை முதலில் பார்ப்பது நீதான் என்று மே மாதமே எழுதியிருக்கிறேன், அதனால் ஒதுங்கி நின்றேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்தாய். முகத்தை இப்படித் திருப்பினாய், அப்படித் திருப்பினாய். உன் அக்கா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். நீ கண்ணை எடுக்கவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு சொன்னாய்.

"அத்தான், பள்ளம் இருக்கு."

மச்சான், நானே சரிபார்ப்பேன் என்று எழுதியவன் நான். இனி யார் சொல்லியும் நம்புவதில்லை என்று இருந்தவன். நீ அதைச் சொன்ன நிமிஷம் எனக்குப் பார்க்க வேண்டிய அவசியமே போய்விட்டது. நம்பிவிட்டேன். அப்புறம் பார்த்தது வெறும் ஆசைக்கு.

ஆனால் என்ன பள்ளம்! வெளிச்சமும் இருட்டும் சேருகிற ஓரத்தில் எல்லாமே மேடும் குழியும். சுவரை எதிரிலிருந்து விளக்கடித்துப் பார்த்தால் பூச்சு சரியாகத்தான் தெரியும், பக்கத்திலிருந்து அடித்தால்தான் வண்டவாளம் வெளியே வரும். நிலாவுக்கும் அதே கதை. உன் அக்கா ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "யாரு பூசினது இதை? இதுக்குக் கூலி வேற கொடுத்தாங்களா?" என்றாள். நீ சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. நல்லவேளை தூண் ஆடவில்லை.

ரயில் ஏறும்போது உன் அக்கா 'இங்கேயே இரு' என்று சொல்லவில்லை. நான் சாட்சி. வாயைத் திறந்தாள், நான் இருமினேன், மூடிக்கொண்டாள். டெலஸ்கோப் வாங்க வருகிறவர்களிடம் முன்பக்கத்தில் நீதான் பேசுகிறாய் என்று முதலாளி எழுதியிருந்தார். யார் வந்தாலும் முதலில் வாயைப் பார்க்கச் சொல்.

உன் டெலஸ்கோப்புக்கு உன் அக்கா பழைய போர்வையில் உறை தைத்திருக்கிறாள். மார்ச்சில் வந்துவிடு. காக்கா கோபித்துக்கொண்டு டிரைவர் வீட்டு மதிலுக்குப் போய்விட்டது.

அவளையும் வகுப்புக்கு வரச் சொன்னேன். "எனக்கு எதுக்கு? காகிதத்தைப் பார்த்தாலே போதும்" என்கிறாள்.

இந்தக் கடிதத்தைத் தடித்த பேனா வாங்கி எழுதுகிறேன். முதலாளிக்கு வேலை வைக்கக் கூடாது. உனக்கு வரும் கடிதத்தை நீயே கிழித்து நீயே படிக்க வேண்டும். பக்கத்துக்கு ஆறு வரிதான் நிற்கிறது, ஒரு நோட்டே காலியாகிவிட்டது. டீச்சர் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் இப்போ சின்ன எழுத்தே அழகா வருதே, எதுக்கு இவ்ளோ பெரிசா?" என்றார். "இது எனக்கில்லை, டீச்சர்" என்றேன்.

வரி கொஞ்சம் சரிந்துதான் போகிறது. மட்டப்பலகை வைக்காதே. ஓரமாகப் பார், தெரியும்.

உன் அத்தான்